குச்சனூர்க் கல்லில் கிடைக்காது, காரை மண்ணில் காலடியில் கிடக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தக் கல்குவாரிக்குப் போய் எத்தனை லோடு ஜல்லியைக் கிளறினாலும் ஒரு சிப்பியின் தடம்கூடக் கிடைக்காது. குச்சனூர் சனீஸ்வரரைத் தரிசிக்க வருகிறவர்கள் கால் நனைக்கும் சுரபி ஆற்றின் கூழாங்கற்களிலும் கிடைக்காது. புதைபடிவம் தேடும் ஆசையோடு ஒரு பள்ளி மாணவனோ மாணவியோ இந்தப் பக்கம் அலைந்து வெறுங்கையோடு திரும்பினால், அந்தப் பிள்ளையின் கண்ணில் குறை எதுவும் இல்லை. இந்த ஊர்க் கல்லின் பிறப்பே வேறு.

தேனி மாவட்டத்து மலைகளில் பெரும்பகுதி சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் வந்தபோது செய்திகளில் அடிக்கடி அடிபட்ட பெயர்தான் சார்னோகைட். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத உறுதியான கல் மூடியிருக்க வேண்டும் என்று தேடித்தான் போடி மேற்கு மலைக்கு வந்தார்கள். அந்த உறுதிக்குக் காரணம், இந்தக் கல் பூமியின் ஆழத்தில் கிடந்து வெந்து உருமாறியது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மதுரை வட்டாரப் பாறைகள் 900 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தைக் கண்டிருக்கின்றன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஓடு உள்ள உயிரினங்கள் கடலில் பெருகத் தொடங்கியதே சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நத்தையும் சிப்பியும் உலகுக்கு வருமுன்பே இங்கே கல் வெந்து முடிந்துவிட்டது.

ஆனால் தேனியில் பஸ் ஏறி, திண்டுக்கல், திருச்சி தாண்டிப் பெரம்பலூர் சாலையில் பாடாலூரில் இறங்கிக் கிழக்கே போனால் நிலமே மாறிவிடும். ஊட்டத்தூர், காரை, குளக்கால்நத்தம், கருடமங்கலம், கல்லங்குறிச்சி, கல்லமேடு என்று போகப் போக எல்லாம் பழைய கடல். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை கடல் பல தடவை உள்ளே வந்து, தங்கி, வடிந்த இடம் இது. ஒவ்வொரு தடவையும் சேறும் சுண்ணாம்பும் படிந்தன. அவற்றில் புதைந்த உயிர்கள்தான் இன்று மழைக்குப் பிறகு உழவர்களின் காலில் தட்டுப்படுகின்றன.

காரைப் பக்கத்து ஓடைச்சரிவு ஒன்றில் ஐந்து நிமிடம் குனிந்து நடந்தால் போதும். பழுப்பும் மஞ்சளுமான களிமண் மழையில் அறுபட்டு, புல்கூட முளைக்காத மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. ஜிப்சம் துண்டுகள் வெயிலில் மின்னும். அவற்றுக்கு நடுவே விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா மாதிரி கிடப்பவை பெலம்னைட்டுகள். கணவாய் மீனின் தூரத்து உறவான ஒரு கடலுயிரின் உடலுக்குள் இருந்த கெட்டித் தண்டு அது. முறிந்த முனையை வெயிலில் திருப்பிப் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து நாலாபக்கமும் பிரியும் படிக இழைகள் தெரியும். அந்த இழைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வட்ட வட்டமாக வளையங்கள் போகும். அந்த உயிர் வளர வளரத் தண்டின் மேல் ஏறிய அடுக்குகள் அவை. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, கண் போதும்.

இதே காரை மண்ணில் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. ஊட்டத்தூர்ப் படிவுகளில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து 1879-இல் ரிச்சர்ட் லிடெக்கர் இக்தியோசர் எனப்படும் கடல் ஊர்வன இனத்துக்கு ஒரு பெயரும் சூட்டினார். இன்று திருச்சி மாவட்டத்து வயலாக இருக்கும் இடத்தில் கடலில் நீந்திய ஓர் ஊர்வன விலங்கு வாழ்ந்தது என்பதைப் பாடப்புத்தகம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை உலகுக்குக் காட்டியவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். முதலில் வந்தவர்கள் புவியியல் படித்தவர்கள் அல்லர். 1840-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி சி. டி. கே, அவருடைய நண்பர் கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் ஓடுகளையும் எலும்புகளையும் பொறுக்கிச் சேர்த்தார்கள். அந்தத் தொகுப்பு லண்டன் போனது. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அதை விவரித்து வெளியிட்டார். தென்னிந்தியாவில் கிரெட்டேசியஸ் காலக் கடல் இருந்தது என்பது அறிவியலில் பதிவானது அப்படித்தான். அதற்குப் பிறகே ஹென்றி பிளான்ஃபோர்டு வந்து நிலப்படம் வரைந்து, ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அடுக்குகளுக்குப் பெயர் வைத்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா அந்த உயிர்களைத் தொகுதி தொகுதியாக எழுதினார்.

ஜபல்பூரிலும் இதே வரிசைதான். 1828-இல் அங்கே ஒரு குன்றில் பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தவர் தக்கர் கொள்ளையர்களை ஒடுக்கியதற்காகப் பேசப்படும் ராணுவ அதிகாரி வில்லியம் ஸ்லீமன். இந்தியாவில் கிடைத்த முதல் டைனோசர் எலும்புகள் அவை. டைனோசர் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

நம் காலத்துக்கு வந்தால் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தைத்தான் காட்ட வேண்டும். அங்கே விஷால் வர்மா என்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பள்ளி வேலை போக மிச்ச நேரத்தில் நண்பர்களோடு நர்மதைப் பள்ளத்தாக்கைக் காலால் அளந்தார். 2007-இல் குக்ஷி பக்கம் அவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட டைனோசர் முட்டைகளைக் கண்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அவர் அத்தோடு நிற்கவில்லை. டில்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹர்ஷா திமான், குண்டுபள்ளி பிரசாத் ஆகியோருடன் சேர்ந்து 2023 ஜனவரியில் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. 92 கூடுகள், 256 முட்டைகள். டைட்டனோசர் எனப்படும் நெடுங்கழுத்து டைனோசர்கள் எப்படிக் கூட்டமாக முட்டையிட்டன, தாய் முட்டைகளைக் காத்ததா விட்டுப் போனதா என்றெல்லாம் பேச முடிந்தது அந்தக் கூடுகளின் இடைவெளியை அளந்து வைத்ததால்தான். கூடையில் அள்ளி வந்திருந்தால் 256 உருண்டைக் கல்தான் மிஞ்சியிருக்கும்.

அதே மாவட்டத்தில் பாட்ல்யா என்ற கிராமம். அங்கே சில குடும்பங்கள் உருண்டைக் கல் ஒன்றைக் ககர் பைரவ் என்று பெயர் சொல்லித் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்தார்கள். வயலையும் மாட்டையும் காக்கும் சாமி அது. நம் ஊர் எல்லைச்சாமி மாதிரியே. அந்தக் கல் டைட்டனோசர் முட்டை என்று 2023 டிசம்பரில் செய்தி வந்தது. கும்பிட்டவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. ஆனால் நிலத்தில் கிடந்த ஆயிரம் கல்லில் இது வேறு மாதிரி என்று கண்டுகொண்ட கண் அந்தக் குடும்பங்களுடையது. அதை உடைக்காமல் பாதுகாத்ததும் அவர்கள்தான்.

தமிழகத்திலும் இந்தப் பார்வைக்குப் பஞ்சமில்லை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் நிலமெங்கும் கிடக்கும் கல்மரத் துண்டுகளை வக்கிராசுரனின் எலும்புகள் என்று அந்த ஊர்க் கதை சொல்லும். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் அவை. மரம் மட்கும் முன்பே மணலில் புதைந்து, நிலத்தடி நீரிலிருந்த சிலிகா செல் செல்லாக நுழைந்து மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் ஆண்டு வளையமும் கணுவும்கூட அப்படியே தெரிகின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் படுத்திருக்கும் கல்மரம் இன்னும் பழையது. 18 மீட்டர் நீளம். புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை அறிவித்தார். வைணவக் குடும்பங்களின் பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமமும் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் உருண்டு வந்த, சுருள் ஓடு கொண்ட பழைய கடலுயிரான அம்மோனைட்தான். அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் சுருள் ஓடுகளுக்கு அது பங்காளி முறை.

வேறு மாதிரித் தடம் வேண்டுமானால் பாடாலூருக்கு அருகே தெரணி களிமண் குவாரிகள். வெள்ளைக் களிமண்ணைத் தகடு தகடாகப் பிரித்தால் சீப்புப் போன்ற இலைப்பதிவுகள் வரும்.

கண்டெடுப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் முட்டை. 2009-இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைக் குவியல் என்ற செய்தி பரபரப்பாக வந்தது. 2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது பெரிய பெரிய கல் உருண்டைகள் வெளிப்பட, கைபேசி வழியே 'டைனோசர் முட்டை' மாநிலமெங்கும் பறந்தது. ஆய்வாளர்கள் நேரில் பார்த்து, அவை அம்மோனைட் சார்ந்த கல் உருண்டைகள் என்றார்கள். கடலடிச் சேற்றில் ஓர் உயிர் செத்து அழுகும்போது அதைச் சுற்றிய சேற்றின் வேதியியல் மாறும். தாதுக்கள் அங்கே வந்து படியும். அடுக்கு அடுக்காக இறுகி உருண்டையாகிவிடும். உண்மையான முட்டை என்றால் மேலே சில மில்லிமீட்டர் கனத்தில் தனி ஓடு இருக்கும், ஓட்டின் மேல் நுண்ணிய புடைப்புகளும் துளைகளும் இருக்கும். டைட்டனோசர் முட்டைகள் பெரும்பாலும் 15 முதல் 17 சென்டிமீட்டர் விட்டம்தான். குடத்தளவு உருண்டையைக் கண்டால் அது முட்டையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காக முகம் வாட வேண்டியதில்லை. உள்ளே அம்மோனைட் இருந்தால் அதுவும் கோடி ஆண்டுச் சொத்துதான்.

கிடைத்ததை இழந்த கதையும் நம்மிடம் உண்டு, அது முட்டைப் பரபரப்பைவிடப் பெரியது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1987-இல் விவரித்தார்கள். புருகத்காயோசரஸ் என்று பெயர். கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு அதன் எடையை 110 முதல் 170 டன் வரை என்கிறது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தில் ஊறிப் பொடிந்துபோயின என்று 2017-இல் அறிவிக்கப்பட்டது. அது எலும்பே அல்ல, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 2022-இல் பழைய களப் புகைப்படங்கள் வெளியான பிறகுதான் அந்தச் சந்தேகத்துக்கு வலுவான பதில் கிடைத்தது. பத்திரமாக வைத்திருந்த சில படங்கள்தான் அந்த விலங்கு இருந்ததற்கு இன்று சாட்சி.

இன்னொரு இழப்பு தினமும் நடக்கிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்பது பெருமளவு பழைய சிப்பி ஓடுகளின் படுகை. கைகொள்ளாத கனத்த சிப்பிகள் அடுக்கடுக்காக இறுகியவை. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வந்ததே அந்தச் சுண்ணாம்புக்காகத்தான். குச்சனூரில் வீடு கட்ட இறக்கிய மூட்டை அரியலூரில் அரைத்ததாக இருந்தால், ஏழு கோடி ஆண்டுச் சிப்பிகள் அந்தச் சுவருக்குள் இருக்கின்றன. சிமென்ட் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு சுரங்கத்தின் முகப்பைப் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துவிட்டுத்தான் கல் உலைக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாட்டையாவது கேட்கலாம், கேட்க வேண்டும். புவிப் பாரம்பரிய இடங்களையும் பொருள்களையும் காக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு சட்ட வரைவைக் கருத்துக்கு வெளியிட்டது. வரைவு வந்த வேகத்தில் காப்பும் வந்திருக்கலாம்.

இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் ஆர்வலர்களுக்கு நடைமுறை விதிகள் வகுத்திருக்கிறார்கள். சரிந்து விழுந்ததை எடுக்கலாம், அறிவியல் முக்கியத்துவம் உள்ளதைப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து மாவட்டமான சாமர்செட்டில் 2020 மே மாதம் ஒரு தந்தையும் 11 வயது மகளும் கடற்கரையில் கண்ட எலும்புத்துண்டு, நிபுணர்களின் கைக்குப் போய், 2024-இல் இக்தியோடைட்டன் என்ற புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 25 மீட்டர் இருக்கலாம் என்கிறார்கள். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அந்தச் சிறுமியின் பெயரும் இருக்கிறது.

சாத்தனூரும் திருவக்கரையும் காரைப் படிவுகளும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியப் புவியியல் சின்னங்கள். அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது, பார்க்கலாம், படம் பிடிக்கலாம். மற்ற இடங்களிலும் வயல் என்றால் உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதுதான் மரியாதை. ஏதாவது கண்ணில் பட்டால் நகர்த்தும் முன் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். அடுத்து, தூரத்திலிருந்து ஓடைக்கரையின் அடுக்கு தெரியும்படி ஒரு படம். கைபேசியில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி. எந்த நிற மண்ணில் பதிந்திருந்தது, உதிர்ந்து கிடந்ததா அடுக்கிலேயே இருந்ததா என்று இரண்டு வரி. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பெலம்னைட் எது, அம்மோனைட் எது, வெறும் கல் எது என்று கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு வெயில் தாழ்ந்த நேரத்தில் காரைப் பக்கம் போவது நல்லது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் ஓடுகளின் வரியும் புடைப்பும் எடுப்பாகத் தெரியும்.