ஆடு புலி ஆட்டம்: பிள்ளைகளே பூட்டும் பலகை



3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. ஆடு புலி ஆட்டம் நமக்குப் புதுசல்ல. கோயில் மண்டபத் தரையில் கீறியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பிள்ளைகள் தாங்களே பூட்டி, ஆடி, கழற்றி வைக்கிற மாதிரி செய்வது எப்படி என்று சொல்கிறேன்.

உச்சியிலிருந்து சாய்வுக் கோடு 4, குறுக்கே 3, அடியில் 1, பக்கத்துக்கு ஒன்றாக 2. ஆக மொத்தம் 10 ரீப்பர். கனம் 4 மி.மீ. போதும். உச்சியில் நாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால், தடியாக இருந்தால் பலகை ஆடும்.

உயரம் 32, அடி 48 செ.மீ. என்று வைத்தேன். பாதி அடி 24, உயரம் 32 என்றால், பிதாகரஸ் விதிப்படி வெளிச் சாய்வு சரியாக 40. நாலாகப் பிரித்தால் 10 செ.மீ.க்கு ஓர் ஓட்டை. உள் சாய்வு சுமார் 33, அதில் 8.25 செ.மீ.க்கு ஓர் ஓட்டை. மாற்றிப் பூட்டினால் ஓட்டைகள் சேராது. அதனால் வெளிச் சாய்வுக்குச் சிவப்பு, உள் சாய்வுக்குப் பச்சை பெயின்ட். எழுத்து தெரியாத பிள்ளையும் நிறம் பார்த்துப் பூட்டிவிடும்.

23 சந்திப்பிலும் 7 செ.மீ. மர முளை. முளை தடிமன் 8 மி.மீ.; ரீப்பர் ஓட்டையும் அதே அளவு, இறுக்கமாக நிற்கும். காயின் ஓட்டை 10 மி.மீ.; லேசாக எடுக்கலாம். வகுப்பில் படிக்கிற 'ஃபிட்' பாடம் இதுதானே!

வீட்டில் அக்கா பிள்ளைக்கு இரண்டு வயசு. எதுவும் வாய்க்குத்தான் போகும். பொம்மைச் சோதனைக் குழாயின் வாய் 31.7 மி.மீ.; அதற்குள் முழுசாக அடங்குகிற சாமான் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. அதனால் காயின் அகலம் 35 மி.மீ. மிக நெருக்கமான முளைகளுக்கு நடுவே 40 மி.மீ. இருப்பதால் காய்கள் இடிக்காது.

ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்கணும். 15-ம் இறங்கின பிறகே அவை நகரலாம். அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி நேர்கோட்டில் தாண்டி ஆட்டை வெட்டும். மூன்று புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. என் டிராயிங் ஷீட் அவருக்குப் புரியாது. பூட்டின பலகையைப் பார்த்ததும் சொன்னார்: "உச்சியில இருக்கிற புலிய அடைக்க எட்டு ஆடு வேணும், முன்னால நாலு, பின்னால நாலு. அதையே அடி மூலைக்கு விரட்டினா நாலே போதும்." எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவரே இப்போது தெருப் பிள்ளைகளுக்கு வாத்தியார்.

ஒர்க்‌ஷாப்பில் மிச்சமாகும் ரீப்பரில் நீங்களும் ஒரு செட் செய்து உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குக் கொடுங்கள். சொல்லிக்கொடுக்க ஊர்ப் பெரியவர்களையே கூப்பிடுங்கள்.