பட்டியைச் சுற்றி எழுந்த அரசு

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களின் பழைய குடியிருப்பு வட்டமானது. நட்ட நடுவில் மாட்டுப் பட்டி, அதைச் சுற்றிக் கவிழ்த்த கூடை போன்ற புல் குடிசைகள், வெளியே ஒரு வேலி. வாசலுக்கு நேர் எதிரே, மேட்டுப் பக்கத்தில், முதன்மை மனைவியின் வீடு. பட்டியின் தரையடியில் குழி வெட்டிச் சோளத்தைக் கொட்டி, வாயைக் கல்லாலும் சாணத்தாலும் மூடிவிடுவார்கள். எதிரி வந்தால் தானியம் இருக்கும் இடமே தெரியாது. சடங்குக்கு மாடு அறுப்பதும் இந்தப் பட்டியில்தான். இறைச்சியில் முன்னோருக்கு உரிய பங்கைக் குடிசையின் உட்புறக் கோடியில் வைப்பார்கள்.

பால் கறப்பது ஆண்கள் வேலை. மருமகளாக வந்தவள் நினைத்தபோதெல்லாம் பட்டிக்குள் கால் வைக்க முடியாது. பாலைச் சுரைக்குடுக்கையில் ஊற்றிப் புளிக்கவைத்த 'அமாசி'தான் அன்றாட உணவு. அதை யாரோடு சேர்ந்து உண்ணலாம், யாரோடு கூடாது என்பதில் உறவுமுறை அத்தனையும் அடங்கிவிடும். மாட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் கொம்பின் வளைவுக்கும் நூற்றுக்கணக்கில் பெயர்கள் வைத்திருந்தார்கள். வெளிர்த் தோலில் பொடிப்பொடியாகப் புள்ளி தெறித்திருந்தால் அது வானம்பாடி முட்டை மாடு!

ஜூலு மன்னர் ஷாகாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் குத்தீட்டியில்தான் தொடங்குகிறார்கள். நீள ஈட்டியை எறிவதை விட்டுவிட்டு, குட்டை ஈட்டியோடு எதிரியை நெருங்கிக் குத்தவைத்தவர். நடுவில் ஒரு படையும் இருபுறம் வளைந்து சூழும் கொம்புகளுமாக அணிவகுத்தவர். சரிதான். ஆனால் 1828இல் தன் சகோதரர்கள் கையாலேயே கொலையுண்ட அந்த மன்னரின் ஆட்சியைப் புரிந்துகொள்ள, ஈட்டியைவிடக் கேடயம் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். கேடயம் மாட்டுத் தோல். அரச மந்தைகளிலிருந்து நிறம் பார்த்துத் தேர்ந்து, படைப்பிரிவுக்கு ஏற்பக் கொடுத்தார்கள். அது வீரனுக்குச் சொந்தமல்ல, மன்னருக்குச் சொந்தம்.

வீரனின் நிலையும் ஏறக்குறைய அப்படித்தான். ஒத்த வயது இளைஞர்களைத் திரட்டி 'அமாபுத்தோ' என்ற படைப்பிரிவுகள் ஆக்கினார்கள். அவர்கள் போருக்குப் போனார்கள், அரச மந்தையை மேய்த்தார்கள், மன்னரின் வயலில் பாடுபட்டார்கள். மன்னர் அனுமதித்து, தலையில் மெழுகு வளையம் ஏறினால்தான் கல்யாணம். பலருக்கு அதற்குள் முப்பது வயது தாண்டிவிடும். பெண்களுக்கும் இதே போன்ற வயதுப் பிரிவுகள் உண்டு. 1876இல் செட்ஷ்வாயோ மன்னர் ஒரு பெண்கள் பிரிவை வயதான வீரர்களுக்குக் கட்டிக்கொடுக்க ஆணையிட்டார். காதலனை விட மனமில்லாமல் மறுத்த சிலர் கொல்லப்பட்டார்கள். ஜூலு பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஜூலு அரசின் எல்லையான துகேலா ஆற்றுக்குத் தெற்கே, 1840களிலேயே நேட்டால் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. அங்கே குடிசைக்கு வரி போட்டும், கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குப் போதிய ஆள் கிடைக்கவில்லை. நிலமும் மாடும் வைத்திருப்பவன் எதற்குக் கூலிக்குப் போகப் போகிறான்? அந்தக் குறையை நிரப்பத்தான் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து கூலியாட்களோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு தொடங்கியதில் ஜூலுக்காரரின் மாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆற்றுக்கு வடக்கே இருந்த சுதந்திர அரசை ஆங்கிலேயர் எங்கே பிடித்தார்கள் என்று பாருங்கள். 1878 டிசம்பரில் விடுத்த இறுதி எச்சரிக்கையில் அவர்கள் கேட்டவற்றுள் இரண்டு: படைமுறையைக் கலைக்க வேண்டும், வயது வந்த எவனும் மன்னரைக் கேட்காமல் மணம் முடிக்கலாம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. அதை ஏற்றால் அரசே மிஞ்சாது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

போர் மூண்டது. 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானா மலையடியில் சுமார் 20,000 ஜூலு வீரர்கள் பிரிட்டிஷ் முகாமைச் சூழ்ந்து, 1,300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். உலகமே பேசிய வெற்றி. ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. ஜூலை 4 அன்று தலைநகர் உலுண்டி எரிந்தது. மன்னரைப் பிடித்து நாடுகடத்தி, நாட்டை 13 துண்டாக்கி, அரச மந்தைகளையும் பறித்தார்கள். மிச்சம் இருந்த மாடுகளில் பெரும்பகுதியை 1897 வாக்கில் பரவிய வெக்கை நோய் கொண்டுபோனது. அதன் பிறகு சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் ஆள் தேட அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. அப்போதும் போதாமல் தலைவரி வந்தது. 1906இல் பம்பாதா தலைமையில் வெடித்த கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான ஜூலு மக்கள் மாண்டார்கள். உயிர் தப்பி, சவுக்கடி பட்ட ஜூலு மக்களின் புண்களைக் கழுவிக் கட்டியவர்களில் காந்தியும் அவரது சிறிய இந்தியர் படையும் உண்டு.

ஆங்கிலேயரின் சட்டம் கல்யாணத்து மாட்டையும் விட்டுவைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு மாடு கொடுப்பது 'லொபோலா'. சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பத்து மாடு, தாய்க்கு ஒன்று என்பதை இன்று ஆதி வழக்கமாகவே பலர் சொல்கிறார்கள். அந்தப் பத்தை 1869இல் சட்டமாக எழுதியவர் நேட்டாலின் ஆங்கிலேய அதிகாரி தியோஃபிலஸ் ஷெப்ஸ்டோன். அதற்கு முன்பு வசதிக்கும் காலத்துக்கும் ஏற்பக் கூடும், குறையும், தவணையும் உண்டு.

இன்று ஜோஹன்னஸ்பர்கில் சம்பளம் வாங்கும் பிள்ளை பெரும்பாலும் பணமாகவே கொடுக்கிறான். பேசி முடிக்க உட்காரும் பெரியவர்கள் மட்டும் மாட்டுக் கணக்கை விடுவதில்லை. முதலில் எத்தனை மாடு, அப்புறம் ஒரு மாடு எத்தனை ராண்ட் என்று பேரம் நடக்கிறது. தாய்க்கு உரிய அந்த ஒன்றை மட்டும் உயிரோடு ஓட்டிவரச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.