கேள்வித்தாளும் நம் விடையும்

கையில் கேள்வித்தாளுடன் ஒருவர் கிராமத்துக்குள் நுழைந்து, "தறி எத்தனை? நிலம் எவ்வளவு? கடன் உண்டா?" என்று வினவத் தொடங்கினால், நம்மவர் மனத்தில் முதலில் எழுவது ஐயமே. வரி விதிக்க வந்தவரோ என அஞ்சுவோர் நிலத்தைக் குறைத்துச் சொல்வர். உதவி அளிக்க வந்தவரோ என எண்ணுவோர் கடனைக் கூட்டிச் சொல்வர். இரண்டும் மனித இயல்பே. ஆயினும், அவ்விடைகளை நம்பி வகுக்கப்படும் திட்டம் யாருக்குப் பயன்படும் என்பதை அங்கத்தினர்கள் சிந்தித்தல் வேண்டும்.

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1951-52ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்கு அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வை நடத்தியது. 75 மாவட்டங்களில் 600 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1,27,343 குடும்பங்களிடம் விவரம் கேட்கப்பட்டது. கொர்வாலா அவர்களைத் தலைவராகக் கொண்ட குழுவின் அறிக்கை 1954இல் வெளிவந்தது. உழவர் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தது நூற்றுக்கு 3.1 பங்கே, லேவாதேவிக்காரர் அளித்ததோ ஏறத்தாழ 70 பங்கு! 1904ஆம் ஆண்டுச் சட்டத்தால் இயக்கம் தோன்றி அரை நூற்றாண்டு கழிந்த பின்னர் வெளிப்பட்ட உண்மை இது.

சங்கத்தின் பேரேடு இதனை உரைத்திருக்க இயலுமா? இயலாது. சங்கம் கொடுத்த கடன் மட்டுமே பேரேட்டில் இருக்கும். அங்கத்தினர் வேறிடத்தில் பட்ட கடனை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டால்தான் அறியலாகும். கிராமத்தார் மனந்திறந்து கூறிய விடைகளே, சங்கங்களின் பங்கு மூலதனத்தில் அரசு பங்கேற்பதற்கும், 1955இல் ஸ்டேட் பாங்கு தோன்றுவதற்கும் வழிகோலின.

நாட்டின் இலட்சக்கணக்கான கிராமங்களுள் 600ஐக் கண்டு முடிவு கூறலாமா என்று சிலர் கேட்பர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஆனால் சோறு பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அது பொருந்தும். ஊரோ அவ்வாறன்று. பெரிய தெருவில் மட்டும் கேட்டால் பெரிய தெருவின் நிலைதான் தெரியும். 1936இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை, குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றி ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சீட்டுகள் அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. லாண்டன் வெல்வார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களுள் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. விடை எழுதி அனுப்பியவர்களோ அவர்களிலும் ஒரு பகுதியினரே. எண்ணிக்கை பெருகினால் மட்டும் உண்மை கிட்டிவிடாது. எல்லாத் தரத்தாரும் இடம் பெறுதல் வேண்டும்.

இனி, கேட்கும் முறை. "சங்கம் நன்றாக நடக்கிறதல்லவா?" என்று கேட்டால் "ஆம்" என்ற விடையே வரும். "நூலும் கூலியும் காலத்தில் கிடைக்கின்றனவா?" என்பது இரண்டு கேள்விகள், தனித்தனியே கேட்டல் நலம். "சென்ற ஆண்டு எவ்வளவு செலவு?" என்றால் எவருக்கும் நினைவு வராது, "தீபாவளிக்குப் பின் எத்தனை பாவு நெய்தீர்கள்?" என்றால் கணக்கு வரும். "வீட்டில் நெய்பவர் யார்?" என்று மட்டும் கேட்டால், தார் சுற்றும் தாயும், பாவு ஓட்டும் மருமகளும் கணக்கில் விடுபட்டுப் போவர். 2019-20ஆம் ஆண்டின் நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர் 26.73 இலட்சம் பேரோடு, துணைத் தொழில் புரிவோர் 8.48 இலட்சம் பேரையும் தனியே எண்ணிக் காட்டியது. கேட்டதனால்தான் அவர்கள் கணக்கில் வந்தனர்.

ஆகவே, விவரம் கேட்க வருவோரிடம் அங்கத்தினர்கள் மூன்று வினாக்களைத் தயங்காது எழுப்பலாம். யார் சார்பில் வந்தீர்? எதன்பொருட்டுக் கேட்கிறீர்? பெயர் வெளிவராமல் காப்பீரா? தக்க விடை கிடைத்தால், உள்ளதை உள்ளபடி உரைப்பதே முறை. ஓடாத தறியை ஓடுவதாகச் சொன்னால் ஏட்டில் தொழில் செழிக்கும். வீட்டில் அடுப்பு எரியாது. கடனை மறைத்தால், அதற்குரிய பரிகாரமும் மறைந்துபோகும்.

ஒவ்வொரு சங்கமும் மகாசபைக்கு முன்னர் பத்தே கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்து, வீடு வீடாகக் கேட்டறிதல் நன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழியாகக் கேட்க வேண்டும். பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும். நிர்வாகக் குழுவினர் உடனிருத்தல் கூடாது. தொகுத்த முடிவை, பெயர்களை நீக்கி, மகாசபையிலேயே படித்துக் காட்ட வேண்டும். தாம் சொன்னது சபையில் ஒலிப்பதைக் கேட்கும் அங்கத்தினர், அடுத்த ஆண்டு அழைக்காமலே வந்து விடை கூறுவார்.