காந்தம் காக்கும் கதவு

பொங்கலுக்கு மறைமலை நகர் வீட்டைப் பூட்டி ஊருக்குப் போகிறவர்களுக்கு, பூட்டுக்குத் துணை ஒரு சிறு காந்தம். கதவில் இது; நிலையில் கண்ணாடிக் குழாய்க்குள் இரு மெல்லிய உலோகத் தகடுகள். கதவு மூடியிருக்கும்வரை காந்தம் அவற்றை ஒட்டவைத்திருக்கும். திறந்தால் தகடுகள் பிரியும், சைரன் அலறும். ரீட் சுவிட்ச் எனப்படும் இந்தத் தகடுக் குழாயை 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் வால்டர் எல்வுட்.

இன்னொரு காவல் கருவி பி.ஐ.ஆர். சென்சார். தானாக எந்தக் கதிரையும் வீசாது. நடமாடும் உடலின் வெப்பக் கதிரை மட்டும் உணரும். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர் அதற்குத் தெரியமாட்டார். ஆனால் லென்ஸ் மேல் பல்லி ஊர்ந்தால் திருடன் என்று கத்திவிடலாம்!

கண்ணாடி உடையும் சத்தத்தைக் கேட்கும் சென்சாரும் உண்டு. கம்பி போட்ட ஜன்னலுக்கு அது வீண் செலவு.

எதைப் பொருத்தினாலும், வெளியூர் போகுமுன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.