தேய்ந்த எஞ்சின் உருளையைப் புதுப்பித்தல்

நீர் இறைக்கும் டீசல் எஞ்சின் ஒன்று பல ஆண்டுகள் உழைத்த பின்னர்க் காலையில் எளிதில் புறப்பட மறுக்கிறது. புகைக்குழாயில் நீலப் புகை தோன்றுகிறது. மசகெண்ணெய் வழக்கத்தினும் விரைவாகக் குறைகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்தும் புகை வீசுகிறது. இக்குறிகளைக் காணும் உழவர் பெரும்பாலும் புதிய பிஸ்டன் வளையங்களை வாங்கிப் பொருத்துகிறார். சில வாரங்கள் எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. பின்னர், பயிருக்குத் தண்ணீர் மிகவும் வேண்டியிருக்கும் வேளையில், முன்னிலும் மோசமாகி நின்றுவிடுகிறது. வளையத்தின் மீது குற்றமில்லை. வளையம் உராய்ந்து செல்லவேண்டிய உருளையே வட்டம் கெட்டிருக்கிறது.

குஜராத்தில் ராஜ்கோட் நகரத்துப் பட்டறைகளில் பெருமளவில் செய்யப்பட்டு நாடெங்கும் பரவிய மெதுவேக எஞ்சினை உதாரணமாகக் கொள்ளலாம். இதன் உருளையின் விட்டம் 114.3 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 139.7 மில்லிமீட்டர், சுழற்சி நிமிடத்திற்கு 650. ஆகவே ஒரு மணி நேரத்தில் 39,000 தடவை பிஸ்டன் உருளையின் உச்சியை அடைந்து, கணநேரம் நின்று, திரும்புகிறது. பிஸ்டன் விரைந்து செல்லும்போது வளையத்திற்கும் சுவருக்கும் இடையில் எண்ணெய்ப் படலம் நிலைத்திருக்கும். அது நிற்கும் இடத்தில் படலம் மெலிந்து அறுந்துபோகிறது. எரியும் வாயுவின் அழுத்தம் வளையத்தின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு நெருக்குவதும் அதே இடத்தில்தான். ஆதலால் மேல் வளையம் திரும்பும் இடத்தில் தேய்வு மிகுந்தும், கீழே செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படும். வளையம் எட்டாத உச்சி விளிம்பு தேயாமல் ஒரு வரம்பைப் போல நிற்கும். விரல் நகத்தால் தடவினாலே இவ்வரம்பு புலப்படும். பழைய வளையங்கள் அந்த வரம்பின் கீழே தேய்ந்து உருண்டிருப்பதால் அதில் மோதுவதில்லை. கூர்மையான ஓரமுள்ள புது வளையமோ அதில் மோதி முறிகிறது.

தேய்வை விரைவாக்குவன இரண்டு. முதலாவது புழுதி. மணலிலுள்ள குவார்ட்ஸ் இரும்பைக் காட்டிலும் கடினமானது. காற்று வடிகட்டி இல்லாமல், அல்லது அதன் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றாமல், ஓடும் எஞ்சின் தன் உருளையைத் தானே அரைத்துக்கொள்கிறது. இரண்டாவது காரணம் பலருக்கு வியப்பளிக்கும்: அளவுக்கு மீறிய குளிர்ச்சி. உருளைச் சுவர் குளிர்ந்திருந்தால், எரிந்த வாயுவிலுள்ள நீராவி அதில் நீராகப் படிந்து, எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, இரும்பை அரிக்கிறது. பிரிட்டனில் 1930களில் சி. ஜி. வில்லியம்ஸ் நடத்திய சோதனைகள் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டின. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் வாகன டீசலில் கந்தகம் ஒரு கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் குறைக்கப்பட்டுவிட்டது. எனினும் நீர்ப்படிவும் துருவும் நீங்கிவிடவில்லை. கிணற்று நீரை நேரே எஞ்சினுக்குள் முழுவேகத்தில் திருப்பிவிட்டு, வெளிவரும் நீர் சில்லென்று இருப்பதைக் கண்டு மகிழ்வோர் உண்டு. அது நன்மையன்று. திருகுக்குழாயைக் குறைத்து, வெளிவரும் நீர் கை பொறுக்காத சூட்டில், சுமார் 60 பாகை செல்சியஸுக்குக் குறையாமல், இருக்குமாறு செய்தல் வேண்டும்.

உருளையை அளக்கத் தனிக் கருவி உண்டு. அது கிடைக்காத சிற்றூரிலும் ஒரு புது வளையமும் இடைவெளித் தகடுகளும் போதும். வளையத்தை உருளையின் தேயாத அடிப்பகுதியில் வைத்து, சாய்ந்துவிடாதபடி பிஸ்டனின் தலையால் தள்ளிச் சமப்படுத்தி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அது 0.45 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பின்னர் வளையத்தை உச்சி வரம்பிற்குச் சற்றுக் கீழே வைத்து அளந்தால் 1.40 வருகிறது. வேறுபாடு 0.95. இது சுற்றளவில் ஏற்பட்ட மிகுதி, 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் மிகுதி 0.30 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். வட்டத்தின் சுற்றளவைப் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல செய்முறைக் கணக்கு கிடைப்பது அரிது. ஆயினும் இம்முறை சராசரியையே காட்டும். உருளை நீள்வட்டமாகியிருப்பதை அறிய, அடியில் விளக்கை வைத்து வளையத்திற்கும் சுவருக்கும் இடையே ஒளி கசிகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இனிப் பட்டறையில் செய்வது யாது? தேய்வு சிறிதாயின் உருளையைக் கடைந்து அகலப்படுத்தி, 0.25, 0.50, 0.75 அல்லது 1.00 மில்லிமீட்டர் மிகுந்த பிஸ்டனைப் பொருத்துவர். இங்கு ஒரு நுட்பம் உண்டு. மேற்சொன்ன 0.30 தேய்வும் ஒரே பக்கத்தில் விழுந்திருந்தால், பழைய மையம் மாறாமல் கடைவதற்கு விட்டத்தை 0.60 பெருக்கியாக வேண்டும், 0.50 பிஸ்டன் போதாது. பிஸ்டனை முன்னரே வாங்கிவிட்டுக் கடைசலுக்குச் செல்வோர் இவ்விடத்தில் நஷ்டமடைகின்றனர்.

கடைசி அளவையும் தாண்டிவிட்ட உருளைக்கு உள்உறை போடுவதே வழி. பட்டறை மொழியில் இது லைனர் அல்லது ஸ்லீவ். சுழலும் அச்சில் வார்க்கப்பட்ட வார்ப்பிரும்புக் குழாய் இதற்கு உகந்தது. உறையின் தடிப்பு 3 மில்லிமீட்டராயின் உருளையின் விட்டம் 6 மில்லிமீட்டர் பெருக்கப்படும். அதற்கு இடங்கொடுக்கும் அளவுக்கு நீர்ச்சட்டைக்கு இப்பால் இரும்பு மீந்திருக்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். அடியில் ஒரு படி கடையாமல் விடப்படும். உறை அதன்மீது அமர்வதால் கீழிறங்காது. உறையின் புறவிட்டம் துளையைவிடச் சுமார் 0.05 மில்லிமீட்டர் மிகுந்திருக்கும். இறுக்கம் குறைந்தால் சூடு சுவருக்குக் கடத்தப்படாமல் உறை காய்ந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் வார்ப்பு விரிசலடையும். உறையை அழுத்திய பின்னரே அதன் உட்புறம் இறுதி அளவிற்குக் கடையப்படுகிறது. முன்னரே கடைந்தால், அழுத்தும்போது சுருங்கும்.

மோட்டார் சைக்கிள்களிலும், மேடுபள்ளங்களில் ஓடும் சிறு நாற்சக்கர வண்டிகளிலும் உருளை அலுமினியத்தாலானது. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், 80 மில்லிமீட்டர் விட்டத்தில் 150 பாகை ஏற்றத்திற்கு 0.14 மில்லிமீட்டர் தளர்வு நேரும். ஆகவே இறுக்கம் மிகுதியாக வேண்டும். உருளையை உலையில் சுடவைத்து, குளிர்ந்த உறையை ஒரே மூச்சில் இறக்கிவிடுவர். தயங்கினால் உறை பாதிவழியில் சிக்கிக்கொள்ளும். சில உருளைகளில் உறையே இராது. நிக்கலும் சிலிகன் கார்பைடும் கலந்த பூச்சு மட்டுமே இருக்கும். இவற்றைச் சாதாரண உளியால் கடைய முயல்வது உளிக்கே கேடு.

கடைசியில் சாணைக்கற்களால் குறுக்கு மறுக்காக மெல்லிய கீறல்கள் இடப்படுகின்றன. எண்ணெய் தங்குவது இவற்றில்தான். வேலை முடிந்ததும் உருளையை மண்ணெண்ணெயால் துடைப்பது பொதுவான வழக்கம். இது தவறு. மண்ணெண்ணெய் சாணைத்தூளைக் கீறல்களுக்குள்ளேயே தங்க விடுகிறது. சூடான சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்து, உலர்த்தி, எண்ணெய் தோய்ந்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் படியாதது வரை கழுவுதல் முடிந்ததாகாது. அதன்பின் எஞ்சினைச் சுமையின்றி நெடுநேரம் ஓடவிடாமல், முதல் சில நாட்கள் பாதிச் சுமையில் நீர் இறைக்கச் செய்து, பின்னர் எண்ணெயை முழுதும் வடித்து மாற்றுதல் வேண்டும். வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் மினுமினுக்கும் இரும்புத்தூள் தென்படும். அடுத்த தடவை மாற்றும்போது அது மிகவும் குறைந்திருக்கும்.