ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் இடையே

சென்ற மாதம் ஒரு மாலை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். துறைமுகத்தில் லிகிதராயிருந்து இளைப்பாறிய நண்பர் ஒருவர், தாம் சேகரித்த நாணயங்களைப் பார்க்க அழைத்திருந்தார். பெரும்பாலானவை மாலுமிகளிடம் கைமாற்றிப் பெற்றவை. அவற்றிடையே இலங்கையின் 1909ஆம் ஆண்டுச் சதுர ஐந்து சதமும் கிடந்தது.

அவர் எனக்குக் காட்ட விரும்பியதோ, பஞ்சிற் பொதிந்த அமெரிக்கச் சதம் ஒன்று. ஆபிரகாம் லிங்கனின் தலை. 1914 என்னும் ஆண்டு. அதன்கீழ் டென்வர் அக்கசாலையைக் குறிக்கும் ‘டி’ எழுத்து.

“பேத்தியின் படிப்புக்கு இதை விற்கலாமென்றிருக்கிறேன், மாஸ்டர்” என்றார்.

எனக்கும் உள்ளம் துள்ளிற்று. அவ்வாண்டு டென்வரில் அச்சானவை 12 இலட்சத்துக்கும் குறைவு. நன்னிலையில் உள்ள ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுப்பார்கள். நல்லவேளை, நம்மவர் வழக்கப்படி புளியிட்டுத் துலக்கவில்லை; துலக்கிய காசைச் சேகரிப்போர் விரும்புவதில்லை.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். லிங்கன் சதத்தை வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர். 1909இல் காசின் பின்புறத்தில் அவருடைய மூன்று முதலெழுத்துக்கள் பெரிதாக இருந்தன. கண்டனம் எழவே சில நாட்களில் நீக்கினர். அதற்குள் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான 4,84,000 காசுகளே இன்று சேகரிப்போரின் கனவு. 1918இல் அவ்வெழுத்துக்கள் மீண்டும் வந்தன, லிங்கனின் தோள் முடியும் விளிம்பில், மிகச் சிறியனவாக. ஆகவே 1914ஆம் ஆண்டுக் காசின் தோளில் அவை இருத்தல் இயலாது.

இந்தக் காசில் இருந்தன.

ஆண்டை மறுபடி நோக்கினேன். ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் இடையே அளவுக்கு மிஞ்சிய வெளி. 1944 என்பதன் முதல் நான்கை யாரோ அராவி ஒன்றாக்கியிருக்கிறான். 1944இல் டென்வர் அச்சிட்டதோ 43 கோடிக்கு மேல்! இதற்காக நண்பர் ஒரு மாலுமிக்கு எட்வேர்ட் மன்னர் காலத்து வெள்ளி ஐம்பது சதங்கள் ஆறு கொடுத்திருந்தார்.

சொல்ல நா எழவில்லை. கண்ணாடியை அவரிடமே நீட்டி, தோளைப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். உள்ளே பேத்தி பாடம் படிக்கும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னர் காசைப் பழையபடி பஞ்சிற் சுற்றிப் பேழையில் வைத்துவிட்டு, அந்தச் சதுர ஐந்து சதத்தை எடுத்தார்.

“இதிலும் ஏதேனும் கோளாறு உண்டோ?”

“இல்லை” என்றேன். அது அவருடைய ஆச்சி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காசாம்.