கிராம சபையில் மக்கள் கருத்து

மக்களைக் கூட்டிப் பேசுவது எளிது. அவர்கள் மறுமுறையும் விரும்பி வரும் வண்ணம் கூட்டத்தை நடத்துவதே கடினம். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், கிராம சபைக்கு அரசியல் சட்ட அந்தஸ்தை வழங்கியது. வாக்காளர் பட்டியலில் பெயர் பெற்ற அனைவரும் அதன் உறுப்பினர்கள். அதன் அதிகாரங்களையும் பணிகளையும் வரையறுக்கும் பொறுப்பு மாநிலச் சட்டமன்றங்களுக்கு அளிக்கப்பட்டது. எனினும், சட்டத்தால் சபையை அமைக்க இயலுமேயன்றி, மக்களை அதற்கு வரவழைக்க இயலாது.

வருகை குறைவது ஏன்?

வருகை குறைந்தால், மக்களிடையே விழிப்புணர்வு இல்லை என்று கூறுவது அதிகாரிகளின் வழக்கம். பொருளாதார நோக்கில் பார்த்தால் விளக்கம் வேறாகும். தினக்கூலி பெறும் தொழிலாளி கூட்டத்திற்கு வருவதாயின், அரை நாள் கூலியையேனும் இழக்க நேரிடும். அந்த இழப்புக்கு ஈடாக அவர் எதிர்பார்ப்பது தமது சொல்லுக்கு ஒரு பதிலே. சென்ற கூட்டத்தில் கேட்ட குடிநீர்க் குழாய் என்னவாயிற்று என்று இக்கூட்டத்தில் எவரும் சொல்லாவிடில், அடுத்த கூட்டத்திற்கு அவர் வராதது அறியாமையன்று, சரியான கணக்கேயாகும்.

கேரளத்தின் வழி

1994-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் இதனை நன்கு உணர்ந்துள்ளது. சபையின் தீர்மானம் ஒன்றை நிறைவேற்ற இயலாமற் போனால், அதற்கான காரணத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் சபையிலேயே தெரிவிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. கோரிக்கைகள் அனைத்தையும் நிறைவேற்ற எந்தப் பஞ்சாயத்திடமும் நிதி இராது. ஆனால், காரணம் கூறுவதற்கு நிதி தேவையில்லை. மறுப்பே ஆயினும், காரணத்துடன் கூறப்படும் மறுப்பை மக்கள் பெரும்பாலும் ஏற்கின்றனர், மௌனத்தை ஏற்பதில்லை.

1996 ஆகஸ்டில் அம்மாநிலத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், கூட்டத்தின் அமைப்பையும் மாற்றியது. சபை வார்டு அளவில் கூடியது. வந்தவர்கள் விவசாயம், கல்வி, சுகாதாரம் எனத் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து விவாதித்தனர். பெருங்கூட்டத்தில் எழுந்து பேசத் தயங்குவோரும் சிறு குழுவில் பேச முடிந்தது. மகாராஷ்டிரத்திலோ, கிராம சபை கூடுமுன் பெண்கள் தனியே கூடுவதற்குச் சட்டத்திலேயே வகை செய்யப்பட்டுள்ளது.

ராஜஸ்தானின் அனுபவம்

ராஜஸ்தானத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு 1994 டிசம்பரில் மக்கள் விசாரணைகளை நடத்தத் தொடங்கியது. பணிகளின் கூலிப் பட்டியல்கள் மக்கள் முன் உரக்க வாசிக்கப்பட்டன. அவ்வேலை நடந்ததா, கூலி கிடைத்ததா என்று பட்டியலில் கண்டவர்களே கூறினர். எழுத்தறியாதவரின் வாய்மொழியும் அரசு ஆவணத்தைச் சரிபார்க்கும் கருவியாகும் என்பதை இம்முறை மெய்ப்பித்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமும் தனது 17-வது பிரிவில் சமூகத் தணிக்கைப் பொறுப்பைக் கிராம சபையிடமே ஒப்படைத்தது.

பதிவும் பதிலும்

இன்று தொழில்நுட்பமும் துணைக்கு வந்துள்ளது. 2025 ஆகஸ்டில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அறிமுகப்படுத்திய 'சபாசார்' என்னும் கருவி, கூட்டத்தின் ஒலி, ஒளிப்பதிவுகளிலிருந்து நடவடிக்கைக் குறிப்பைத் தயாரிக்கிறது. பேசியது ஒன்று, எழுதியது மற்றொன்று என்ற குறை இதனால் நீங்கக்கூடும். ஆயினும், ஒருவர் கூறியதைப் பதிவு செய்வது வேறு. அதற்குப் பதிலளிப்பது வேறு. பதிவு எவ்வளவு துல்லியமானதாயினும், பதிலளிக்கும் கடமை பஞ்சாயத்தையும் அதிகாரிகளையும் சார்ந்ததே.

செய்யத்தக்கவை

ஆகவே, கூட்டம் நடத்துவோர் மூன்று பழக்கங்களை மேற்கொள்ளலாம். முதலாவதாக, சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் என்னவாயிற்று என்பதையே நிகழ்ச்சி நிரலின் முதற்பொருளாக வைத்தல் வேண்டும். இரண்டாவதாக, கலையுமுன் வந்தோரிடம் சில கேள்விகளைக் கேட்டல் வேண்டும்: நேரமும் இடமும் வசதியாக இருந்தனவா? பேசியது விளங்கியதா? சொல்ல நினைத்து இயலாமற் போனவர் உண்டா? இவற்றுக்குப் படிவம் தேவையில்லை. கை உயர்த்தினாலே போதுமானது. தயங்குவோரிடம் பின்னர் தனியே கேட்கலாம். மூன்றாவதாக, வராதவர்களையும் சுய உதவிக் குழுக்கள் வாயிலாக வினவுதல் வேண்டும். கூட்டத்தின் குறையை நன்கு அறிந்தவர்கள், அதனை விட்டு விலகியவர்களே.

கேட்டறிந்த கருத்தால் அடுத்த கூட்டத்தில் ஒரு சிறு மாற்றமேனும் விளைதல் அவசியம். மாலையில் கூட்டுங்கள் என்று பெண்கள் கேட்டு, அடுத்த சபை மாலையில் கூடுமாயின், தங்கள் சொல் பயன் தந்ததை அவர்கள் கண்கூடாகக் காண்பர். குடிநீர், சாலை போன்ற பெரிய கோரிக்கைகளை முன்வைக்கும் துணிவு அந்த அனுபவத்திலிருந்தே பிறக்கிறது.